அந்த மண்பாதையை விட்டுவிடுங்கள்

எங்கள் வீட்டிலிருந்து பத்து நிமிட நடையில் மரங்கள் அடர்ந்த பூங்கா ஒன்று இருக்கிறது. அதன் பின்பாதியில் புங்கனும் வேம்பும் தூங்குமூஞ்சி மரங்களும் மண்டிய இடத்தில், நடந்து நடந்தே உண்டான ஒற்றையடிப் பாதைகள் வளைந்து போகின்றன. கிளைகள் விலகுமிடத்தில் கிருஷ்ணகிரி மலைக்கோட்டை தெரியும். முழங்கால் வலிக்காரரான என் அம்மா சிமெண்ட் தளத்தில் இரண்டு சுற்றுக்கு மேல் நடக்கமாட்டார். இந்த மண்ணில் நாலு சுற்று போய்விட்டு, பேசிக்கொண்டே ஐந்தாவதையும் தொடங்கிவிடுவார்.

இப்போது வாயிலருகே பேவர் பிளாக் கற்களை அடுக்கி வைத்திருக்கிறார்கள். பாதையை 'அழகுபடுத்த'ப் போகிறார்களாம்.

முன்பாதியில் ஏற்கெனவே அழகுபடுத்தியாயிற்று. சித்திரை வெயிலில் ஒன்பது மணிக்கே அந்தக் கல் காலைச் சுடுகிறது. மரத்தூரை ஒட்டிக் கல் பதித்ததால் மழைநீர் வேருக்கு இறங்காமல் சாக்கடைக்கு ஓடுகிறது. வேர் சும்மா இருக்குமா? இரண்டே வருடத்தில் கல்லைத் தூக்கிவிட்டது. தடுக்கி விழுந்தவர்களில் நானும் ஒருவன்.

அடுத்தது துடைப்பம். உதிர்ந்த சருகையெல்லாம் கூட்டிக் கொளுத்துகிறார்கள். அந்தச் சருகைக் கரையானும் மண்புழுவும் மண்ணாக்குகின்றன. அதைக் கிளறித்தான் தவிட்டுக்குருவிகள் கூட்டமாகப் பூச்சி பொறுக்குகின்றன. கூட்டித் துடைத்த முன்பாதியில் நான் காக்கையைத் தவிர எதையும் பார்த்ததில்லை. இதே மாவட்டத்தின் காவிரி வடக்கு வன உயிரினச் சரணாலயம் ஐந்நூறு சதுர கிலோமீட்டருக்கு மேல் விரிந்து கிடக்கிறது. அங்கே யார் துடைப்பம் போடுகிறார்கள்?

சருகில் பாம்பு இருக்கும் என்று நண்பர் ஒருவர் சொன்னார். நியாயமான பயம்தான். நடக்கிற அகலத்தை மட்டும் கூட்டி, மற்றதை மரத்தடியில் ஒதுக்கினால் போதும். சக்கர நாற்காலியில் வருபவர்களுக்குத் தளம் வேண்டும் என்பதும் உண்மை. முன்பாதிக் கற்களைச் சமன்செய்து கொடுத்தாலே அவர்களுக்கு நல்ல பாதை கிடைத்துவிடும். மழைக்காலச் சேற்றுக்குக் கிராவல் மண் இரண்டு லோடு கொட்டலாம். கல்லைவிடச் செலவும் குறைவு.

வரும் திங்கட்கிழமை குறைதீர் நாளில் ஆட்சியர் அலுவலகத்தில் மனு கொடுக்கப் போகிறேன். அம்மாவும் கையெழுத்துப் போட்டிருக்கிறார். காலையில் பூங்காவில் நடக்க வருபவர்கள், ஞாயிற்றுக்கிழமை ஆறரை மணிக்குப் பெரிய தூங்குமூஞ்சி மரத்தடிக்கு ஒரு பேனாவோடு வந்துவிடுங்கள்.