பத்தே நாளில் முடிந்த ஒரு சீசன்

போன வாரம் டர்ஃபில் (வாடகைக்கு விடும் செயற்கைப் புல் மைதானம்) கால்பந்து ஆடி முடித்துவிட்டு வெளியே டீக்கடையில் நின்றிருந்தோம். எங்கள் கூட்டத்தில் புதிதாகச் சேர்ந்திருக்கும் பையனுக்கு இருபத்திரண்டு வயது. பேச்சு எங்கெங்கோ சுற்றி பிரேசிலின் கால்பந்து நட்சத்திரம் ரொனால்டினோவில் வந்து நின்றது. “பெரியமேட்டுல அவர் ஒரே மேட்சுல அஞ்சு கோல் அடிச்சதை நான் நேர்ல பார்த்திருக்கேன்” என்றேன். பையன் சிரித்துவிட்டான். “அண்ணா, டீயில ஏதாவது கலந்துட்டாங்களா?”

நான் ஒன்றும் சொல்லவில்லை. அவனே போனை எடுத்துத் தேடினான். சிரிப்பு கொஞ்சம் கொஞ்சமாக இறங்கியது. “இது நிஜமாவே நடந்திருக்கா? ஏன்ணா யாருமே இதைப் பத்திப் பேசறதில்ல?”

அந்தக் கேள்விக்குத்தான் இந்த நீளமான பதிவு. பொறுமை இல்லாதவர்கள் இங்கேயே விலகிக்கொள்ளலாம்.

2016 ஜூலை 15 முதல் 24 வரை பிரீமியர் ஃபுட்சால் என்று ஒரு லீக் நடந்தது. ஃபுட்சால் என்றால் அணிக்கு ஐந்து பேராக உள்ளரங்கில் ஆடும் கால்பந்து. ஆறு அணிகள்: சென்னை, மும்பை, கோவா, கொச்சி, கொல்கத்தா, பெங்களூரு. முதல் சில நாள் ஆட்டங்கள் சென்னை பெரியமேட்டில் இருக்கும் நேரு உள்விளையாட்டு அரங்கில், அப்புறம் எல்லாரும் மூட்டை கட்டிக்கொண்டு கோவாவுக்கு. லீகின் தலைவர் போர்ச்சுகலின் முன்னாள் நட்சத்திரம் லூயிஸ் ஃபிகோ. விளம்பர முகம் விராட் கோலி. தொடக்கப் பாட்டு ஏ.ஆர். ரகுமான் இசையில், கோலியே அதில் பாடவும் செய்தார் (அதைப் பற்றி நான் கருத்துச் சொல்ல விரும்பவில்லை). ஒவ்வொரு அணிக்கும் உலகக் கால்பந்திலிருந்து ஒரு பெரிய தலை: மும்பைக்கு ரயன் கிக்ஸ், பெங்களூருக்கு பால் ஸ்கோல்ஸ், கொல்கத்தாவுக்கு எர்னான் கிரெஸ்போ, கொச்சிக்கு மிச்செல் சல்காடோ, கோவாவுக்கு ரொனால்டினோ. சென்னைக்கு ஃபால்கவ்.

ஃபால்கவ் என்றதும் பாதிப் பேர் கொலம்பியாவின் ஸ்ட்ரைக்கரை நினைத்துக்கொண்டார்கள். என் அலுவலகத்தில் ஒருவர் அந்தக் குழப்பத்திலேயே டிக்கெட் வாங்கினார். நமக்கு வந்தவர் வேறு ஆள், பிரேசிலின் அலெசாண்ட்ரோ ரோசா வியெரா. 2008, 2012 இரண்டு ஃபுட்சால் உலகக் கோப்பைகளை வென்ற அணியில் இருந்தவர். மற்றவர்கள் எல்லாம் பெரிய மைதானத்தில் பெயர் வாங்கிவிட்டு இங்கே விருந்தாளியாக வந்தவர்கள். இந்த மரத்தரையே வீடு என்று இருந்தவர் அந்த நட்சத்திரங்களில் இவர் ஒருவர்தான். சென்னைக்குக் கிடைத்த அதிர்ஷ்டம் அது, ஆனால் சென்னைக்கு அது சரியாகத் தெரியவே இல்லை.

அந்த நாட்களை நினைத்துப் பாருங்கள். ஐந்து நாள் முன்புதான் யூரோ கால்பந்துக் கோப்பையின் இறுதி ஆட்டம் முடிந்திருந்தது. நடுராத்திரி விழித்துப் பார்த்த கண் எரிச்சல் இன்னும் ஆறவில்லை. ஊர் முழுக்க அடுத்த வெள்ளிக்கிழமை வரப்போகும் ரஜினி படத்தைப் பற்றித்தான் பேச்சு, விமானத்தின் மேல்கூட அவர் முகம். முந்தைய டிசம்பரில், வெள்ளத்தால் அரையிறுதியைப் புனேயில் போய் ஆட வேண்டி வந்தும், ‘சென்னையின் எஃப்.சி.’ என்ற நம் ஊர் கிளப் ஐ.எஸ்.எல். என்ற இந்தியக் கால்பந்து லீகின் கோப்பையைத் தூக்கியிருந்தது. கால்பந்து என்றால் ஊருக்குள் ஒரு சூடு இருந்த நேரம் அது. “இங்க கிரிக்கெட் தவிர எதுவும் ஓடாது” என்று சொல்பவர்களிடம் நான் எப்போதும் சண்டைக்குப் போவது இதனால்தான்.

17ஆம் தேதி ஞாயிற்றுக்கிழமை. நானும் என் மனைவியின் தம்பியும் போனோம். அவன் வியாசர்பாடிக்காரன். அந்த ஏரியாவை அறிந்தவர்களுக்கு மேற்கொண்டு சொல்ல வேண்டாம். அறியாதவர்களுக்கு, அங்கே பையன்களுக்கு இரண்டு வழிகள் உண்டு, ஒன்று கேரம், இன்னொன்று கால்பந்து. இவன் இரண்டிலும் கொஞ்ச தூரம் போனவன்.

கோவாவும் பெங்களூரும் மோதின. 7-2. அதில் ஐந்து ரொனால்டினோவுடையது. முப்பத்தாறு வயது, வயிறு லேசாகத் தெரிந்தது, ஓடவே இல்லை என்றுகூடச் சொல்லலாம். ஆனால் பந்து காலுக்கு வந்ததும் எதிரில் நிற்பவர் எந்தப் பக்கம் சாயப்போகிறார் என்பது சாய்பவருக்கு முன்னால் இவருக்குத் தெரிந்தது. சின்ன வயதில் ஃபுட்சால் ஆடித்தான் இந்தக் கால் வந்தது என்று அவரே பல முறை சொல்லியிருக்கிறார். அன்றைக்கு அதை நம்பினேன். எதிரணியில் ஸ்கோல்ஸ். அவர் ஆடிய மான்செஸ்டர் யுனைடெட்டுக்காக என் கல்லூரிக் காலம் முழுவதும் தூக்கத்தைத் தொலைத்தவன் நான். இந்தப் பக்கம் கைதட்டுவதா அந்தப் பக்கமா என்று தெரியாமல் இரண்டுக்கும் தட்டினேன்.

பின்னாளில் இதைக் கிண்டல் செய்து நிறையப் பேர் எழுதினார்கள். ஓய்வு பெற்றவர்களின் சர்க்கஸ், காட்சிப் பொருள், பணத்துக்காக வந்தவர்கள் என்று. பணத்துக்காகத்தான் வந்தார்கள், அதில் என்ன? ஐந்து கோல் அடித்த மனிதரின் மேல் எனக்கு எந்தக் குறையும் இல்லை. அந்தச் சாயங்காலத்தை எவருக்கும் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

என் குறை வேறு. ஆட்டம் முடிந்து வெளியே வரும்போது மச்சான் கேட்டான்: “எல்லாம் சரி மாமா, இவங்க எல்லாரும் ஊருக்குப் போயிட்டா அப்புறம் யாரு ஆடுவாங்க?”

போனார்கள்தான். ரொனால்டினோ ஓரிரு நாளிலேயே போய்விட்டார்; ரியோவில் பாராலிம்பிக் தூதர் வேலை. அவருக்குப் பதில் கஃபு வந்தார். 2002 உலகக் கோப்பையைத் தூக்கிய கேப்டன் நம் ஊர் லீகில் மாற்று ஆள்! சென்னை தொடக்க ஆட்டத்தில் மும்பையிடம் தோற்றதோடு சரி, கடைசி வரை பெரிதாக எதுவும் செய்யவில்லை. கோவாவில் நடந்த இறுதி ஆட்டத்தில் மும்பை கொச்சியைப் பெனால்டியில் வென்றது. பத்து நாள். சீசன் முடிந்தது. 2017இல் அணிகளுக்குப் பெயர் மாற்றி இன்னொரு முறை நடத்தினார்கள், நம் அணி சென்னை சிங்கம்ஸ் ஆனது. மூன்றாவது சீசன் வரவே இல்லை.

அகில இந்திய கால்பந்து சம்மேளனம் ஆரம்பத்திலிருந்தே இதை அங்கீகாரமில்லாத லீக் என்று சொல்லிக்கொண்டிருந்தது. ஃபுட்சாலும் ஃபிஃபாவின் கீழ் வருகிறது, ஆகவே எங்கள் சொத்து என்பது அவர்கள் வாதம். லீக் நடத்தியவர்கள் ஃபிஃபாவுக்கு வெளியே இருக்கும் இன்னொரு உலக அமைப்போடு சேர்ந்த சங்கத்தின் ஆதரவைக் காட்டினார்கள். சட்டப்படி யார் பக்கம் நியாயம் என்பதை வக்கீல்கள் பேசட்டும். எனக்கு எரிச்சல் வந்தது ஒரே விஷயத்தில்: சொத்து எங்களுடையது என்று பலகை மாட்டியவர்கள் அந்த மனையில் அதுவரை ஒரு செங்கல்கூட வைக்கவில்லை. ஃபுட்சாலுக்கு அவர்களுடைய கிளப் போட்டி முதன்முதலாக நடந்தது 2021 நவம்பரில், டெல்லியில். ஆசியக் கோப்பைத் தகுதிச் சுற்றில் இந்திய ஃபுட்சால் அணி இறங்கியது 2023இல்.

ஆனாலும் லீக் செத்ததற்குச் சம்மேளனத்தை மட்டும் காரணம் சொன்னால் அது சோம்பேறித்தனம். அதே 2016இல், ஃபுட்சால் முடிந்து சரியாக ஒரு மாதம்தான் ஆகியிருந்தது. ஆகஸ்ட் 24 அன்று இதே ஊரில் இன்னொரு லீக் தொடங்கியது. டி.என்.பி.எல்., தமிழ்நாட்டுக்கென்று ஒரு கிரிக்கெட் லீக். வெளிநாட்டு நட்சத்திரம் என்று ஒருவரும் கிடையாது. தூத்துக்குடி, திண்டுக்கல், காரைக்குடி என்று அணிகளின் பெயரைக் கேட்டுப் பலர் சிரித்தார்கள், நானும்தான். முதல் கோப்பையைத் தூத்துக்குடி வென்றது. அந்த முதல் சீசனில் திண்டுக்கல்லுக்குப் பந்து வீசிய சின்னப்பம்பட்டிப் பையன் நடராஜனை அடுத்த பிப்ரவரி ஐ.பி.எல். ஏலத்தில் 3 கோடிக்கு எடுத்தார்கள். லீக் இன்றும் ஓடுகிறது.

கிரிக்கெட்டுக்கு இங்கே கூட்டம் தானாக வரும், அதனால்தான் என்பீர்கள். பாதி உண்மை. மீதிப் பாதி, டி.என்.பி.எல்.லுக்கு அடியில் தமிழ்நாடு கிரிக்கெட் சங்கத்தின் டிவிஷன் லீக்குகள் பல பத்தாண்டுகளாக ஓடிக்கொண்டிருந்தன. சனி ஞாயிறு வெயிலில் யாரும் பார்க்காத மைதானங்களில் நூற்றுக்கணக்கான பையன்கள் ஆடிக்கொண்டிருந்தார்கள். லீக் வந்ததும் அவர்களை மேலே ஏற்றினால் போதும். ஃபுட்சாலுக்கு அடியில் என்ன இருந்தது? சென்னை அணியிலும் நம் நாட்டுப் பையன்கள் ஆடினார்கள். அவர்களில் ஒருவனைக் காட்டி, “அந்தப் பையன் யாரு சார், நம்ம ஊரா?” என்று பக்கத்து இருக்கைக்காரர் கேட்டார். எங்கள் வரிசையில் ஒருவருக்கும் தெரியவில்லை. அவனை இதற்கு முன் எங்கேயாவது பார்த்திருந்தால்தானே தெரியும்.

இந்த விஷயத்தில் அமெரிக்காக்காரர்கள் அனுபவப்பட்டவர்கள். அவர்களுடைய உள்ளரங்கக் கால்பந்து ஃபுட்சால் அல்ல, அதில் சுற்றிலும் சுவர் உண்டு. கேரம் போர்டில் காய் கட்டையில் பட்டுத் திரும்புவதுபோல் பந்து சுவரில் பட்டுத் திரும்பும், ஆட்டம் நிற்காது. (இதைச் சொன்னதும் மச்சானுக்கு அந்த ஆட்டத்தின் மேல் தனிப் பிரியம் வந்துவிட்டது.) 1978இல் மேஜர் இண்டோர் சாக்கர் லீக் என்று ஆரம்பித்தார்கள். யூகோஸ்லாவியாவிலிருந்து வந்து ஊர் திரும்பாமல் தங்கிவிட்ட ஸ்டீவ் ஜுங்குல் என்பவரை வைத்து நியூயார்க் ஆரோஸ் முதல் நான்கு கோப்பைகளையும் அள்ளியது.

அவர்களுடைய 1986-87 சீசனை எடுத்துக்கொள்ளுங்கள். அணிக்கு 52 ஆட்டம்! நியூயார்க்கில் புதிதாக ஆரம்பித்த அணி பணம் இல்லாமல் பாதியிலேயே மூடப்பட்டது. மற்றவர்கள் ஆடிக்கொண்டே இருந்தார்கள். இறுதித் தொடர் டாலஸுக்கும் டகோமாவுக்கும், ஏழாவது ஆட்டம் வரை போனது. அந்த ஆட்டத்துக்கு டகோமா டோமில் 21,728 பேர். டாலஸ் கூடுதல் நேரத்தில் 4-3 என்று வென்றது. அப்படிப்பட்ட லீக்கே 1992இல் மூடிவிட்டது. ஆக, கூட்டம் வந்தால் மட்டும் பிழைத்துவிடலாம் என்பதும் இல்லை. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள்: லீக் செத்தாலும் ஊர் அணிகள் சில சாகவில்லை. 1984இல் பிறந்த மில்வாக்கி வேவ் ஒவ்வொரு லீகாக மாறி மாறி ஆடியே பல பத்தாண்டுகளைக் கடந்துவிட்டது. குளிர்காலம் வந்தால் வார இறுதியில் நம் அணி ஆடும், பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போகலாம் என்பது அந்த ஊரில் ஒரு பழக்கம். பத்து நாளில், அதுவும் நம் ஊரில் சில நாள் மட்டும் ஆடினால் எங்கிருந்து பழக்கம் வரும்? கோயில் திருவிழாக்கூடப் பத்து நாள்தான், ஆனால் கோயில் மற்ற நாளும் திறந்திருக்கும்.

நான்கு குவார்ட்டர் சங்கதியையும் சொல்லிவிடுகிறேன், மனசு ஆறாது. ஃபுட்சால் இருபது இருபது நிமிடமாக இரண்டு பாதி. பந்து வெளியே போனால் கடிகாரம் நிற்கும். நான்கு நொடிக்குள் உள்ளே தள்ள வேண்டும். ஒரு பாதியில் ஐந்து ஃபவுல் தாண்டினால் ஆறாவதிலிருந்து ஆட்டக்காரர்கள் குறுக்கே வரிசையாக நின்று மறிக்க முடியாத நேரடி உதை. இதெல்லாம் சேர்ந்து பாதி முடிய முடிய அழுத்தம் ஏறிக்கொண்டே போகும். பிரீமியர் ஃபுட்சாலில் அதைப் பத்து நிமிடமாக நான்காக நறுக்கினார்கள். குக்கர் விசில் வருவதற்குள் நான்கு தடவை மூடியைத் திறந்து பார்த்த மாதிரி.

சரி, அந்தப் பையன் கேட்டதற்கு வருகிறேன். ஏன் யாரும் பேசுவதில்லை? பேசுவதற்கு மறுநாள் ஒன்று வேண்டும். அடுத்த சனிக்கிழமை மேட்ச் இருந்தால் போன சனிக்கிழமையைப் பற்றிப் பேசுவோம்.

வேடிக்கை என்னவென்றால், அந்த லீக் போன பிறகுதான் சென்னை முழுக்க ஐந்து பேர் ஆட்டம் பரவியது. வேளச்சேரி, ஓ.எம்.ஆர்., முகப்பேர் என்று எங்கே பார்த்தாலும் வலை போட்ட டர்ஃப். ஒரு மணி நேரத்துக்கு ஆயிரத்துச் சொச்சம், பத்துப் பேர் பிரித்தால் தலைக்கு நூறு ரூபாய்க்கு மேல் போகும். ராத்திரி பதினொன்றுக்கும் இடம் கிடைப்பதில்லை. இவ்வளவு பேர் ஆடுகிற ஊரில் இந்த ஆட்டத்துக்கென்று வருடம் முழுக்க ஓடும் ஒரு லீக் அட்டவணை எங்கள் கண்ணில் பட்டதில்லை. அப்புறம், நூறு ரூபாய் என்பது எனக்குச் சில்லறை, வியாசர்பாடியில் பன்னிரண்டு வயதுப் பையனுக்கு இல்லை.

இத்தனைக்கும் இது ஏழை ஆட்டம். 1930இல், உருகுவே முதல் உலகக் கோப்பையை வென்ற அதே வருடம், மான்டிவிடியோ ஒய்.எம்.சி.ஏ.வில் கார்லோஸ் செரியானி என்ற ஆசிரியர் பையன்கள் கூரைக்கடியில் ஆடுவதற்காகக் கூடைப்பந்து, ஹேண்ட்பால் (கையால் பந்தை எறிந்து கோல் போடும் ஆட்டம்) விதிகளைக் கலந்து உருவாக்கியது. ஹேண்ட்பால் களம் 40 மீட்டருக்கு 20. ஃபுட்சால் களமும் அதேதான். தனியாகக் கட்ட வேண்டியதே இல்லை. உடற்கல்விக்கு 1920இலேயே கல்லூரி தொடங்கிய ஒய்.எம்.சி.ஏ. நம் நந்தனத்தில் இருக்கிறது. இங்கே இந்த ஆட்டம் வேர் பிடிக்காமல் போனதற்கு இடமில்லை என்று மட்டும் யாரும் சொல்ல வேண்டாம்.

மச்சான் இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் பதினாலு பையன்களை வைத்துக்கொண்டு திண்டாடுகிறான். வீட்டுக்குப் பக்கத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் சிமென்ட் தரையில் பழைய ஹேண்ட்பால் களம், கோடெல்லாம் அழிந்துபோய்க் கிடந்தது. டேப் எடுத்துக்கொண்டு போய் அளந்து பார்த்தான். 40க்கு 20, சரியாக இருந்தது. காலை ஒன்பது மணி வரை ஆடிக்கொள்ள அனுமதி கேட்டுக் கடிதம் கொடுத்தான். போன ஞாயிறு வாட்ச்மேன் வந்து கேட்டைத் திறந்துவிட்டார்.

இரண்டு பந்துதான் இருக்கிறது. யார் வீட்டிலாவது நாலாம் நம்பர் பந்து சும்மா கிடந்தால் இன்பாக்ஸில் சொல்லுங்கள், நானே வந்து வாங்கிக்கொள்கிறேன். காற்று கொஞ்சம் இறங்கியிருந்தாலும் பரவாயில்லை. ஃபுட்சால் பந்து அதிகம் துள்ளக் கூடாது.