மருத்துவர்களின் 30 மணி நேரத் தொடர் கல்வியில் வலிக்கு எத்தனை?

கன்னியாகுமரி மாவட்டம் தக்கலைப் பக்கம் பிசியோதெரபிஸ்டாக இருக்கிறேன். ரப்பர் பால் வெட்டுகிறவர்களின் தோள், முந்திரி ஆலைப் பெண்களின் இடுப்பு, வலை இழுத்துத் தேய்ந்த முதுகு என்று பன்னிரண்டு வருஷமாக வலியோடுதான் என் பிழைப்பு. ஆனால் இதை எழுத வைத்தது அப்பாவின் வலி.

புராஸ்டேட் புற்றுநோய் முதுகெலும்புக்குப் பரவியிருந்தது. "மக்ளே, பகலைக்கூடத் தள்ளிரலாம், சாமம்தான் முடியல" என்பார். பார்த்த மருத்துவர் நல்ல மனிதர், கூப்பிட்டால் வீட்டுக்கே வருவார். டைக்ளோஃபெனாக் ஊசி, அப்புறம் டிரமடால். அதற்கு மேல் எழுதவில்லை. அபினிலிருந்து எடுக்கும் வலுவான வலிமருந்தான மார்ஃபின் கொடுக்கலாமா என்று கேட்டேன். "அது கடைசி நேரத்துக்கு. பழகிப்போகும், மூச்சு அடங்கிவிடும்" என்றார். அவர் படித்தபோது அப்படித்தான் சொல்லிக் கொடுத்திருப்பார்கள். அதற்கப்புறம் இத்தனை வருஷத்தில் ஒருத்தரும் அவருக்கு அதைத் திருத்திச் சொல்லவில்லையே, அதுதான் எனக்கு ஆறவில்லை.

கடைசியில் திருவனந்தபுரத்துக்குக் கொண்டுபோனோம். மார்ஃபின் மாத்திரை, நாலு மணி நேரத்துக்கு ஒருதரம், சின்ன அளவில் தொடங்கி வலியைப் பார்த்துக் கூட்டினார்கள். கூடவே மலச்சிக்கலுக்கு மருந்து. அன்று ராத்திரி அப்பா விடியும்வரை தூங்கினார். அம்மா பயந்துபோய் ரெண்டு தடவை மூக்கருகே கைவைத்துப் பார்த்தாள்.

இது புது வைத்தியம் இல்லை. புற்றுநோய் வலிக்கு மருந்தைப் படிப்படியாக ஏற்றும் முறையை உலக சுகாதார நிறுவனம் 1986இலேயே வெளியிட்டுவிட்டது. நம் போதைப்பொருள் சட்டத்தையும் 2014இல் திருத்தி, மார்ஃபின் வைத்துக்கொள்ள மருத்துவமனைகளுக்கு வழியை எளிதாக்கினார்கள். ஆனால் அப்படி வைத்துக்கொள்ளக் கிடைக்கும் அங்கீகாரத்துக்கு வலி நிவாரணத்தில் பயிற்சி பெற்ற மருத்துவர் ஒருவராவது அங்கே இருக்க வேண்டும். பயிற்சி பெற்றவர் இல்லையென்றால் மருந்தும் இல்லை.

மருத்துவர்கள் 5 ஆண்டுக்கு 30 மணி நேரம் தொடர் கல்வி பெற வேண்டும் என்று இந்திய மருத்துவ கவுன்சிலின் 2002ஆம் ஆண்டு ஒழுக்க விதிகள் சொல்கின்றன. அதில் வலிக்கு இத்தனை மணி என்று எதுவும் இல்லை. நான் போயிருந்த ஒரு வகுப்பில் நாள் முழுக்க நரம்பு ஊசியும் புதுக் கருவியும்தான். வீட்டில் படுத்திருப்பவருக்கு மாத்திரை எப்படிக் கொடுப்பது என்று யாரும் பேசவில்லை. எல்லைக்கு அந்தப் பக்கம் திருவனந்தபுரத்தில், மருத்துவர் எம்.ஆர்.ராஜகோபால் 2003இல் தொடங்கிய பாலியம் இந்தியா என்ற வலி நிவாரண அமைப்பு மருத்துவர்களுக்கும் செவிலியர்களுக்கும் இதையே வேலையாகக் கற்றுக் கொடுக்கிறது. மார்த்தாண்டத்திலிருந்து பஸ் ஏறினால் போய்விடும் தூரம்.

ஆசாரிபள்ளம் மருத்துவக் கல்லூரியும் நம் மருத்துவர் சங்கங்களும் வருஷத்துக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமையை வலிக்கென்றே ஒதுக்க வேண்டும். கிராமச் செவிலியர்களை, மருந்துக்கடைக்காரர்களை, எங்களையும் கூப்பிடுங்கள். மக்களைத் தேடி மருத்துவத்தில் வீட்டுப்படி ஏறுகிறவர்கள் செவிலியர்களும் எங்களைப் போன்றவர்களும்தான். சாமத்தில் வலி எப்படி இருந்தது என்று நோயாளியிடம் முதலில் கேட்கப்போவதும் நாங்கள்தான்.