பிளாஸ்டிக் மோல்டிங்: தண்ணீரைக் குளிர்விக்கும் சில்லரை (chiller) 7 டிகிரியில் வைத்தால் சைக்கிள் டைம் பாதியாகுமா?

“தண்ணீரை 7 டிகிரிக்கு இறக்குங்கள், சைக்கிள் டைம் பாதியாகிவிடும், சேனல் எப்படிப் போட்டாலும் கவலையில்லை” என்று ஒருவர் எழுதியிருக்கிறார். சைக்கிள் டைம் என்றால் மோல்டில் (அச்சில்) ஒரு பீஸ் வார்த்து வெளியே வர ஆகும் நேரம்; சேனல் என்றால் மோல்டுக்குள் தண்ணீர் ஓடும் துளை. இல்லை அண்ணா, கணக்கு இடிக்கிறது.

பாலிபுரொப்பிலீன் பிளாஸ்டிக்கை 230 டிகிரியில் செலுத்தி, 90-க்கு ஆறியதும் வெளியே தள்ளுகிறோம் என்று வையுங்கள். மோல்டின் உள்பரப்பு 40-லிருந்து 20 ஆனாலும் ஆறும் நேரம் 15 சதவீதம் அளவில்தான் குறையும். பீஸின் சுவரை 3 மில்லிமீட்டரிலிருந்து 2.5 ஆக்கினால் 30 சதவீதம் குறையும். ஆறும் நேரம் தடிமனின் வர்க்கத்தைப் பொறுத்தது.

அப்புறம், குளிர்ந்த தண்ணீருக்குப் பிசுக்கு அதிகம். 10 மில்லிமீட்டர் துளையில் நீர் நன்றாகக் கலங்கி ஓட ரெனால்ட்ஸ் எண் (ஓட்டம் எவ்வளவு கலங்கலானது என்று காட்டும் எண்) 10,000 வேண்டுமென்றால், 30 டிகிரி தண்ணீர் நிமிடத்துக்கு நாலு லிட்டர் போதும். 10 டிகிரி தண்ணீர் ஆறு லிட்டர் கேட்கும். உங்கள் பம்ப் கொடுக்குமா? உறையாமலிருக்கக் கிளைகோல் திரவம் கலந்தால் பிசுக்கு கூடி இன்னும் மோசம். மழைக்காலத்தில் மோல்டே வியர்த்து, பீஸில் நீர்த்தடம் விழும்.

சேனல் எப்படியும் இருக்கலாம் என்பதுதான் பெரிய தப்பு. துளையின் மையம் பரப்பிலிருந்து விட்டத்தின் ஒன்றரை, இரண்டு மடங்கு ஆழத்தில் இருக்கட்டும். ஆழமான கோர் (பீஸின் உட்பக்கத்தை உருவாக்கும் மோல்டு பாகம்) பக்கம் பேஃபிள் (துளைக்குள் நீரை நுனிவரை ஏற்றி இறக்கும் தகடு) போல ஏதாவது இல்லாவிட்டால் எந்தச் சில்லரும் காப்பாற்றாது, பீஸ் வளையும்.

சேலத்துப் போர்வெல் தண்ணீர் ஓடும் மோல்டா? முதலில் சேனலைத் திறந்து பாருங்கள். ஒரு மில்லிமீட்டர் உப்புப் படிவு, பத்து மில்லிமீட்டருக்கும் மேல் எஃகு குறுக்கே நிற்பதற்குச் சமம்.