பூஜ்ஜியம் எழுதட்டுமா, கோடு போடட்டுமா?

2025 ஜனவரியில் எங்கள் ஏரிக்கரையில் எட்டாம் வகுப்புப் படிக்கும் ஒரு பெண் என்னிடம் கேட்ட கேள்வி இது. விடிந்தும் பனி விலகாத நேரம். பரீட்சை அட்டையில் பறவைப் பட்டியலைச் செருகிக்கொண்டு, விறைத்த விரல்களை வாயால் ஊதி ஊதி எழுதிக்கொண்டிருந்தாள். "அண்ணா, ஊசிவால் வாத்து ஒண்ணுகூட இல்லையே. பூஜ்ஜியம் எழுதட்டுமா, கோடு போடட்டுமா?"

பூஜ்ஜியம் எழுது என்றேன். ஏன் என்று அப்போது விளக்கிச் சொல்ல நேரமில்லை. ஒரு வருஷமாக மனசில் கிடந்ததை இப்போது எழுதிவிடுகிறேன்.

எனக்குக் கிருஷ்ணகிரி மாவட்டம் போச்சம்பள்ளி பக்கம் உரக்கடை. ஏழு வருஷமாக ஜனவரியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை கடையைச் சாத்திவிட்டு, இதே ஏரியில், இதே மதகடியில் நின்று நாலைந்து பேர் ஆசிய நீர்ப்பறவைக் கணக்கெடுப்புக்காகப் பறவை எண்ணுகிறோம். ஏரியின் பெயரை இங்கே எழுதவில்லை. வாத்து இறங்கியிருக்கிறது என்று தெரிந்தால் வலையோடு வருகிறவர்களும் இருக்கிறார்கள்.

2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயல் நம்மைப் புரட்டிப் போட்டதை யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். ஊத்தங்கரையில் ஒரே நாளில் 50 செ.மீ. மழை. பேருந்து நிலையத்தில் நின்ற வண்டிகள் மிதந்து போனதை நாடே பார்த்தது. எங்கள் ஏரியும் நிறைந்து வழிந்து கோடி போனது. ஜனவரியில் நாங்கள் எண்ணப் போனபோது கரையைத் தொட்டுக்கொண்டு தண்ணீர் தளும்பி நின்றது. மனசுக்கு நிறைவாக இருந்தது, ஏனென்றால் இந்த ஏரி நிறைந்தால்தான் என் கடைக்கு வருகிறவர்கள் நெல் விதை கேட்பார்கள்.

ஆனால் வலசை வருகிற வாத்து, உள்ளான் வரிசையெல்லாம் பட்டியலில் காலியாக இருந்தது. நாமக்கோழி இருந்தது, முக்குளிப்பான் இருந்தது, நீர்க்காகம் வரிசையாகப் பட்டமரத்தில் இறக்கை விரித்து உட்கார்ந்திருந்தது. ஊசிவால் வாத்து இல்லை. நீலச்சிறகி இல்லை. கரையோரச் சேற்றில் மேய்கிற உள்ளான் வகையில் ஒன்றுகூட இல்லை. எங்களோடு வந்திருந்த ஒருவர், "இதை அனுப்பினா நம்ம ஏரிக்குத்தான் கெட்ட பேரு. போன வருஷ நம்பரைப் பார்த்து கொஞ்சம் சேர்த்துப் போடுங்க" என்றார். கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை, ஏரி மேல் உள்ள பாசத்தில்தான் சொன்னார். எனக்கு மட்டும் வயிற்றைப் பிசைந்தது. அன்று சாயங்காலமே வாட்ஸ்அப்பில் "இந்த ஆண்டு பறவை வரத்து குறைந்தது" என்று ஒரு செய்தி சுற்ற ஆரம்பித்துவிட்டது. அதுவும் தப்பு, இதுவும் தப்பு.

சரியான பதிலை அன்றைக்கு ஒருவர் சொன்னார். மீன் குத்தகைக்காரரிடம் பரிசல் ஓட்டுகிற தாத்தா அவர். படிப்பு வாசனை இல்லாதவர். கரையேறி வந்து, எங்கள் முகத்தைப் பார்த்துவிட்டுக் கேட்டார். "ஏரி தளும்பி நிக்குது. அதுங்க எங்க கால் ஊனி நிக்கும் தம்பி?"

அவ்வளவுதான் விஷயம். ஊசிவால் வாத்து முங்கி மேயாது. தலையைத் தண்ணீருக்குள் விட்டு, வாலை வானத்துக்குத் தூக்கி, கழுத்துக்கு எட்டுகிற ஆழத்தில்தான் மேயும். உள்ளானுக்கு அதுவும் ஆகாது, கணுக்கால் தண்ணீரும் சேறும் வேண்டும். முங்கி மேய்கிற நாமக்கோழிக்கும் முக்குளிப்பானுக்கும் நீர்க்காகத்துக்கும் ஆழம் ஒரு பொருட்டில்லை. பட்டியலில் யார் இருக்கிறார், யார் இல்லை என்று பார்த்தாலே ஏரியின் ஆழத்தைச் சொல்லிவிடலாம். அந்த வருஷம் சுற்று வட்டாரத்தில் எல்லா ஏரியிலும் குட்டையிலும் தண்ணீர் இருந்தது. வந்த பறவைகளும் பரவித்தான் நின்றிருக்கும்.

அதற்கு முந்தைய ஜனவரியில் ஏரியில் பாதித் தண்ணீர்கூட இல்லை. எருமைகள் இறங்கி ஏறிய சேற்றில் குளம்புத் தடம் தடமாகப் பள்ளம். ஒவ்வொரு பள்ளத்திலும் ஒரு கை அள்ளுகிற அளவுக்குத் தண்ணீர். அந்தப் பள்ளங்களில் கொசு உள்ளான்கள் மேய்ந்ததை நான் இருபது அடி தூரத்தில் குப்புறப் படுத்துப் பார்த்தேன். தையல் மெஷின் ஊசி மாதிரி அலகு இறங்கி ஏறுகிறது. ஒரு தடத்தில் நாலு குத்து, அடுத்த தடத்துக்கு ஓட்டம். இரண்டு கொசு உள்ளான்களுக்கு ஒரே தடத்தின் மேல் ஆசை வந்து, இறக்கையைத் தூக்கிச் சண்டை போட்டன. ஒரு பறவையின் எடை சுமார் 25 கிராம். என் கடையில் விற்கிற கீரை விதைப் பாக்கெட் எடைதான். ஆர்க்டிக் ஓரத்தில், சைபீரியாவின் வட கோடியில் முட்டையிட்டுப் பொரித்துவிட்டு, எங்கள் ஊர் எருமைக் குளம்புத் தடத்தில் சாப்பிட வந்திருக்கிறது. அன்று சட்டையெல்லாம் சேறு. அந்த அரை மணி நேரத்தை எதற்கும் விட்டுத்தர மாட்டேன்.

எண்ணுவது எப்படி என்று நிறையப் பேர் கேட்கிறீர்கள். சூரியன் முதுகுக்குப் பின்னால் இருக்கிற மாதிரி நிற்க வேண்டும், இல்லாவிட்டால் எல்லாமே கருப்பு நிழல்தான். ஒருவர் பார்க்க வேண்டும், இன்னொருவர் எழுத வேண்டும். பெருங்கூட்டமாக இருந்தால் முதலில் பத்தை ஒன்று ஒன்றாக எண்ணி, அந்தப் பத்து எவ்வளவு இடம் பிடிக்கிறது என்று கண்ணில் நிறுத்திக்கொண்டு, அதே அளவைக் கூட்டத்தின் மேல் வைத்து வைத்துப் போக வேண்டும். பாதி எண்ணும்போது சேற்றுப் பூனைப்பருந்து ஒன்று தாழப் பறந்து வரும். நாமக்கோழியெல்லாம் ஒரே கட்டியாக நெருங்கிக்கொள்ளும், வாத்துகள் எழும்பி ஒரு சுற்றுச் சுற்றி வேறு இடத்தில் இறங்கும். அப்போது மறுபடி முதலில் இருந்து எண்ண வேண்டியதுதான். முதல் வருஷம் எனக்கு அந்தப் பொறுமை இல்லை. பறந்த கூட்டத்தையும் இறங்கிய கூட்டத்தையும் தனித்தனியாகக் கூட்டி அனுப்பிவிட்டேன். மறுவருஷம் ஒப்பிட்டபோதுதான் தப்பு தெரிந்தது. திருத்தி எழுதி அனுப்பும்வரை எனக்கு நிம்மதி இல்லை.

இப்போது பூஜ்ஜியத்துக்கு வருகிறேன். கோடு என்றால் நாம் பார்க்கவில்லை என்று அர்த்தம். பூஜ்ஜியம் என்றால் போனோம், நின்றோம், தேடினோம், இல்லை என்று அர்த்தம். இரண்டுக்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம். பறவைப் பட்டியல்களைச் சேர்த்து வைக்கிற ஈபேர்டு இணையதளத்தில் பட்டியலை ஏற்றும்போது, பார்த்து அடையாளம் தெரிந்த எல்லாப் பறவையையும் எழுதிவிட்டீர்களா என்று ஒரு கேள்வி வரும். ஆம் என்று சொன்னால்தான், பட்டியலில் இல்லாத பறவை அங்கே தென்படவில்லை என்று ஆய்வு செய்கிறவர்கள் எடுத்துக்கொள்ள முடியும். அழகான நாலு பறவையை மட்டும் படத்தோடு போட்டுவிட்டு ஆம் என்று அழுத்துகிறவர்களை நினைத்தால் எனக்குக் கோபம் வருகிறது. காக்காவையும் மைனாவையும் குருட்டுக்கொக்கையும் எழுதுங்கள். அவையும் பறவைதான்.

ஆசிய நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு 1987இல் தொடங்கியது. ஜனவரியைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் உண்டு. வலசை வந்த பறவைகள் அலைந்து முடித்து ஓர் இடத்தில் தங்கியிருக்கும் மாதம் அது. ஏறக்குறைய ஒரே நாட்களில் எல்லா இடத்திலும் எண்ணினால் ஒரே பறவையை இரண்டு ஏரியில் எண்ணுகிற குழப்பம் குறையும். வனத்துறையும் தன்னார்வலர்களைச் சேர்த்துக்கொண்டு மாநிலம் முழுக்க எண்ணுகிறது. 2015 முதல் பொங்கலை ஒட்டிய நாலு நாளில் பொங்கல் பறவைக் கணக்கெடுப்பும் நடக்கிறது. அதற்கு ஏரிகூட வேண்டாம், வீட்டு வாசலில் பதினைந்து நிமிஷம் நின்றால் போதும்.

நம் தர்மபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களுக்கு இது ஏன் அவசியம் என்றால், தமிழ்நாட்டில் 20 ராம்சர் தளங்கள், அதாவது உலக அளவில் முக்கியமானவை என்று ராம்சர் ஒப்பந்தப்படி அறிவிக்கப்பட்ட ஈரநிலங்கள், இருக்கின்றன, நம் இரண்டு மாவட்டத்திலும் ஒன்றுகூட இல்லை. திருப்பூர் நஞ்சராயன் குளத்தைப் பாருங்கள். 2022இல் பறவைகள் சரணாலயம் ஆனது, 2024இல் ராம்சர் தளம் ஆனது. அங்கே பறவை பார்க்கிற உள்ளூர்க்காரர்கள் பல வருஷம் விடாமல் எழுதி வைத்தார்கள். நாம் ஓசூர் பக்கத்துக் கெலவரப்பள்ளி அணையில் நுரை பொங்கும்போதெல்லாம் செல்போனில் படம் எடுத்துப் போடுகிறோம். பெங்களூரு கழிவு தென்பெண்ணையில் கலந்து வருகிறது என்று கொதிக்கிறோம், கொதிக்க வேண்டியதுதான். அந்தத் தண்ணீரில் எந்தப் பறவை குறைந்தது, எப்போது குறைந்தது என்று ஒரு அதிகாரி திருப்பிக் கேட்டால் எடுத்துக் காட்ட வருஷவாரியாகப் பட்டியல் வேண்டும். பூஜ்ஜியங்களோடு சேர்த்து.

இன்னொன்று. ஏரி தூர்வாருவதற்கு நான் எதிரி இல்லை. வண்டல் அள்ளிப் போட்டு மேட்டு நிலத்தில் ராகி தழைத்ததைப் பார்த்தவன். ஆனால் பொக்லைனை இறக்கி ஏரியைக் கிண்ணம் மாதிரி தோண்டி, நாலு பக்கமும் செங்குத்தாக வெட்டிவிட்டு, மேலே நடைபாதையும் விளக்குக் கம்பமும் போட்டால் அழகு வந்துவிட்டதாக நினைக்கிறார்கள். எங்கள் ஏரியிலும் ஒரு பக்கம் அப்படி ஆகிவிட்டது. வறண்ட வருஷத்திலும் அந்தப் பக்கம் கணுக்கால் தண்ணீர் கிடையாது. ஆழத்தை நடுவில் எடுங்கள். தண்ணீர் வந்து நுழைகிற பக்கமாவது சரிவாக இருக்கட்டும். எருமை இறங்குகிற இடமாகப் பார்த்து விடுங்கள், போதும்.

அந்தப் பெண் இப்போது ஒன்பதாவது. இந்த ஜனவரிக்குத் தண்ணீர் நன்றாகவே வற்றியிருக்கிறது, வடக்குப் பக்கம் சேறு தெரிகிறது என்று பரிசல் தாத்தா கடைக்கே வந்து சொல்லிவிட்டுப் போனார். வருகிற ஞாயிறு காலை ஆறேகால் மணிக்கு எண்ணப் போகிறோம். வர விரும்புகிறவர்கள் இன்பாக்ஸில் கேளுங்கள், இடம் சொல்கிறேன். பைனாகுலர் இல்லாவிட்டாலும் பரவாயில்லை. பார்க்க நாலு பேர் இருக்கிறோம், எழுதத்தான் ஆள் போதவில்லை. ஸ்வெட்டரும் ஒரு பேனாவும் கொண்டு வாருங்கள்.