கிண்டிலில் ஈபப் கோப்புகளைப் படிப்பது குறித்து ஒரு திருத்தம்

அமேசானின் மின்னூல் வாசிப்புக் கருவியான கிண்டிலில் ஈபப் (பரவலாகப் பயன்படும் மின்னூல் வடிவம்) கோப்புகளை எவ்வழியிலும் படிக்க இயலாது, கணினியில் மோபி எனும் கிண்டிலின் பழைய வடிவத்துக்கு மாற்றிய பிறகே ஏற்ற வேண்டும் என்று மேலே ஒரு நண்பர் குறிப்பிட்டிருக்கிறார். வேறு சிலரும் அதை வழிமொழிந்திருக்கிறார்கள். சில ஆண்டுகளுக்கு முன்பு வரை அது ஏறக்குறைய உண்மைதான். ஆனால் 2022 முதல் நம் கோப்புகளை இணையம் வழியே கருவிக்கு அனுப்பும் அமேசானின் ‘சென்ட் டு கிண்டில்’ சேவை ஈபப் கோப்புகளை அப்படியே ஏற்றுக்கொள்கிறது. சொல்லப்போனால், அந்தச் சேவை இப்போது ஏற்காமல் விட்டிருப்பது மோபியைத்தான்.

குழப்பம் எங்கிருந்து வந்திருக்கும் என்பது புரிகிறது. கருவி ஈபப் கோப்பைத் தானாகத் திறப்பதில்லை. நாம் அனுப்பும் கோப்பை அச்சேவை தன் வழங்கியிலேயே கிண்டிலுக்குரிய வடிவமாக மாற்றித்தான் கருவிக்கு அனுப்புகிறது. ஆகவே யூஎஸ்பி கம்பி வழியாக ஈபப் கோப்பை நகலெடுத்தவர்களுக்கு, அது கருவியின் ‘டாக்குமென்ட்ஸ்’ கோப்புறையில் கிடந்தாலும் நூலகப் பட்டியலில் தென்பட்டிருக்காது.

இதை எவரும் சோதித்துப் பார்க்கலாம். பூட்டு இல்லாத ஈபப் நூல் ஒன்றை (நகலெடுப்பைத் தடுக்கும் டிஆர்எம் பூட்டு உள்ளவற்றைச் சேவை ஏற்காது) ‘சென்ட் டு கிண்டில்’ இணையப் பக்கத்தில் ஏற்றுங்கள்; அல்லது உங்கள் கணக்கில் அனுமதித்துள்ள மின்னஞ்சலிலிருந்து கருவியின் அமைப்புகளில் காணப்படும் கிண்டில் முகவரிக்கு அனுப்புங்கள். வைஃபை இணைப்பில் இருந்தால் பெரும்பாலும் சில நிமிடங்களில் நூல் வந்துவிடும். எழுத்தின் அளவைக் கூட்டிப் பாருங்கள். பிடிஎஃப் பக்கம்போல் திரைக்கு வெளியே நழுவாமல், வரிகள் புதிய அளவுக்கேற்ப மடிந்துகொள்ளும்.