சிக்னல் அறுந்த பிறகு யார் சுடுவது?

ட்ரோன் தானாகவே இலக்கைத் தேடி அடிப்பது நடக்கிற காரியமா என்று இன்னும் சிலர் கேட்கிறார்கள். நடக்கிறது ஐயா. இஸ்ரேலின் ஹார்ப்பி, ரேடார் அலை எங்கிருந்து வருகிறதோ அங்கே தானே போய் விழுந்து வெடிக்கும், அது 90களிலேயே இருந்த சாமான். ஆனால் ரேடாரைக் கண்டுபிடிப்பது வேறு, எதிரே நிற்பவன் கையில் இருப்பது துவக்கா மண்வெட்டியா, அவன் சரணடையத்தான் வருகிறானா என்று கண்டுபிடிப்பது வேறு.

"எப்படியும் கடைசியில் பொத்தானை அமத்துவது மனிதன்தானே" என்பார்கள். அதைத்தான் நான் நம்பவில்லை. உக்ரைனில் இரண்டு பக்கமும் ஜாமர் போட்டு, ட்ரோனுக்கும் ஓட்டுகிறவருக்கும் இடையே உள்ள சிக்னலை அறுக்கிறார்கள். அதனால் சிலர் சிக்னலைக் கம்பி வழியாகவே அனுப்ப, ஃபைபர் கம்பியை இழுத்துக்கொண்டு பறக்கிற ட்ரோனை விடுகிறார்கள், சிலர் கடைசிக் கொஞ்சத் தூரத்தை மென்பொருளே பார்த்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிடுகிறார்கள். யாரும் கெட்ட எண்ணத்தோடு மனிதனைக் கழற்றிவிடத் தேவையில்லை, சண்டையின் அவசரமே கழற்றிவிடும்.

சரி, மனிதன் மட்டும் தப்புப் பண்ணமாட்டானா? பண்ணுவான். 2021 ஆகஸ்ட் 29இல் காபூலில் அமெரிக்கா ஒரு காரை மணிக்கணக்காகக் கண்காணித்துவிட்டுத்தான் அடித்தது. செத்த 10 பேரும் பொதுமக்கள், அதில் 7 பேர் பிள்ளைகள். ஒருவரையும் தண்டிக்கவில்லை. மனிதர் பார்த்து முடிவெடுத்ததற்கே இந்தக் கதி என்றால், மென்பொருள் அடித்ததற்கு யாரைப் போய்க் கேட்பது? எழுதின கம்பனியையா, ஏவின சிப்பாயையா?

இது நமக்குத் தூரத்துக் கதை இல்லை. யுத்த காலத்தில் கொழும்புக் கடைகளில் வேலை பார்த்த மலையகத்து ஹட்டன், பொகவந்தலாவைப் பொடியன்களைப் பேரையும் வயதையும் பார்த்தே செக்பொயின்டில் பிடித்துக்கொண்டு போவார்கள். ஆனாலும் தெரிந்த சிங்களத்தில் கெஞ்சிப் பார்க்கலாம், ஈரமுள்ள ஆமிக்காரன் ஒருத்தன் "போ" என்று விடுவான். பேர், வயது, நடமாட்டம் என்று கூட்டிக் கழித்து ஆளைக் கணிக்கிற மென்பொருளிடம் எந்தப் பாஷையில் கெஞ்சுவது?

தடுக்கவே முடியாது என்பதும் பொய். மிதிவெடியும் ஆளைப் பார்க்காமல் வெடிக்கிற ஆயுதம்தான். அதைத் தடைசெய்யும் ஒப்பந்தத்தில் இலங்கை 2017இல் சேர்ந்தது, யுத்தம் முடிந்து 8 வருசம் கழித்து. கலவரங்களுக்குப் பயந்து மலையகத்திலிருந்து போய்க் குடியேறிய நம் சனம் வாழ்கிற வன்னி மண்ணில் அதை எவ்வளவு காலமாகத் தோண்டி எடுக்கிறார்கள் என்று பாருங்கள். இந்த முறையாவது முன்கூட்டியே செய்யலாம். 2023 டிசம்பரில் ஐ.நா. பொதுச் சபையில் தன்னியக்க ஆயுதங்கள் பற்றி வந்த தீர்மானத்தை 152 நாடுகள் ஆதரித்தன. எதிர்த்தவை 4, ரஷ்யாவோடு இந்தியாவும் அதில் ஒன்று. இந்திய ட்ரோன் வீடியோவுக்கெல்லாம் நெருப்பு எமோஜி போடுகிற நம்ம தம்பிமார் இதையும் கொஞ்சம் பகிருங்கள்.