வீட்டை வாசலில் விட்டுவிட்டு வரச் சொல்லாதீர்கள்

"வார்டுக்குள்ள வந்துட்டா நீங்க நர்ஸ் மட்டும்தான். வீட்டை வாசல்லயே விட்டுட்டு வாங்க."

சிங்கப்பூரில் தாதிமை மாணவர்களுக்குப் பயிற்சி கொடுக்க ஆரம்பித்த புதிதில் இதை எத்தனை முறை சொல்லியிருப்பேனோ! தப்பு. இன்று யாராவது சொன்னால் எதிர்த்துப் பேசுகிறேன்.

மலாய் மாணவிகளும் நம் தமிழ் முஸ்லிம் பிள்ளைகளும் நிஜமாகவே வீட்டை வாசலில் விட்டுவிட்டுத்தான் வந்தார்கள். காலை ஷிஃப்டுக்கு முன், உடை மாற்றும் அறையில் தலைமுடியை மறைக்கும் தூடோங் துணியின் ஊசிகளை ஒவ்வொன்றாக எடுத்து, துணியை நாலாக மடித்து லாக்கரில் வைப்பார்கள். அரசாங்க மருத்துவமனைகளில் தாதியர் அதை அணிய அனுமதி வந்தது 2021 நவம்பர் 1 முதல்தான். அதனால் நோயாளிக்கு என்ன குறைந்துவிட்டது? ஒன்றுமில்லை. முழங்கைக்குக் கீழே துணி கூடாது என்பது வேறு. அது கிருமி பரவாமல் இருக்க வந்த விதி, இருக்கத்தான் வேண்டும். இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்காமல் எல்லாவற்றுக்கும் 'தொழில் ஒழுக்கம்' என்றே பெயர் வைத்திருந்தோம்.

நோயாளியின் வழக்கத்தையும் நம்பிக்கையையும் மதிக்க வேண்டும் என்கிறது அனைத்துலகத் தாதியர் மன்றத்தின் நெறிமுறை. தன்னுடையதை மறைத்தே பழகிய பிள்ளை அடுத்தவருடையதை எப்படி மதிக்கும்?

ஒரு சீனப் பாட்டிக்குக் கணையத்தில் புற்றுநோய். "அம்மாகிட்ட சொல்லிடாதீங்க" என்று மகன் கெஞ்சினார். அன்று ஷிஃப்ட் முடிந்து மாணவிகளோடு உட்கார்ந்தபோது, நோயாளியின் உரிமை பற்றிய வழக்கமான பாடத்தை நான் எடுக்கவில்லை. "உங்க வீடா இருந்தா?" என்று மட்டும் கேட்டேன்.

தமிழ் மாணவி ஒருத்தி சொன்னாள்: "எங்க வீட்ல தாத்தாகிட்ட மறைச்சோம் மேம். கடைசி வரைக்கும் 'வயித்துப் புண்ணு எப்ப ஆறும்'னு கேட்டுக்கிட்டே இருந்தாரு. அதனாலதான் சொல்லிடணும்னு தோணுது." மறைத்த வீட்டிலிருந்து வந்தவள்தான் மறைக்காதே என்றாள். இனத்தை வைத்து நான் போட்டிருந்த கணக்கெல்லாம் அங்கேயே அடிபட்டுப் போனது. பிலிப்பீன்ஸிலிருந்து வந்த பெண், "எவ்வளவு தெரிஞ்சுக்கணும்னு ஆ மாவையே கேட்கலாமே" என்றாள். ஆ மா என்றால் பாட்டி.

மறுநாள் மருத்துவர் அப்படித்தான் கேட்டார். ஆ மா கஞ்சிக் கிண்ணத்தை ஓரமாக நகர்த்தினார். மகனைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"இவன் தூங்கி மூணு நாளாச்சு. எல்லாத்தையும் என்கிட்ட சொல்லிட்டு இவனை வீட்டுக்கு அனுப்புங்க."